மலை வைனும் மூன்று பெட்டி இலக்கங்களும்

என்னுடைய பதினொரு குறிப்புக் கொப்பிகள் கிடைத்தனவாம். பாரிசுக்குப் பக்கத்தில், ஒபர்வில்லியேயில் நான் வேலை பார்த்த வைன் இறக்குமதிக் கொம்பனியிலிருந்து போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் சொன்னாள். அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அகப்பட்டனவாம். இப்போது அங்கே மணம் பார்க்கிறவர்கள் கையால் எழுதுவதில்லை. ஒரு டப்லெட்டில் சொற்கள் வரிசையாக இருக்கும். பொருந்துகிற சொல்லை விரலால் தொட்டால் சரி.

"உங்கள் எழுத்து எங்களுக்கு விளங்கவில்லை, மதாம் யோகா. ஒரு பக்கத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள்.

பார்த்ததும் தெரிந்தது. எழுத்தும் என்னுடையது, சிவப்புக் கோடும் என்னுடையது. "அவிச்ச கோவா. மூன்றிலும்." முட்டைக்கோசைத்தான் நாங்கள் கோவா என்போம். அந்தச் சொல்லின் கருத்தை மட்டும் அவளுக்குச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மிச்சம் தொலைபேசியில் சொல்லக்கூடியது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் அங்கே சேர்ந்தது 2009 இலையுதிர் காலத்தில். ஊரில் போர் முடிந்த அந்த வருடம் வைகாசிக்குப் பிறகு, பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் தெரிந்தவர்களைக் கண்டால் "எப்படி இருக்கிறியள்" என்று கேட்கவே எங்களுக்குப் பயமாக இருந்தது. நான் பார்த்துவந்த அலுவலகத் துப்புரவு வேலைக்குப் பல வாரங்கள் போகாமல் இருந்து, அதுவும் போய்விட்டது. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. போத்தல்களுக்கு லேபல் ஒட்ட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை. அந்த நேரத்தில் அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சேர்ந்து சில மாதத்தில் ஒரு நாள், ஒரு பெட்டியைத் திறந்தபோது பூஞ்சணம் பிடித்த கடதாசி மணம் அடித்தது. ஒரு போத்தலின் தக்கையோரம் இலேசாகக் கசிந்திருந்தது. அதை எடுத்து வேறாக வைத்தேன். மேற்பார்வையாளர் சிரித்தார். அந்த வழியாக வந்த மதாம் கிளேர் சிரிக்கவில்லை. கொம்பனி எந்த வைனை வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்பவர் அவர்தான். போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். பின்னேரம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு மூன்று கிளாசுகளை முன்னால் வைத்தார்.

"ஒன்று மற்ற இரண்டையும் போல இல்லை. எது?"

நடுவில் இருந்ததைக் காட்டினேன். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு இடம் மாற்றினார். மறுபடி காட்டினேன். இப்படி ஏழு தரம். ஏழாவது முடிந்ததும், "திங்கட்கிழமை இங்கே வாருங்கள்" என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

வைன் குடித்துப் பழக்கமில்லாதவள் நான். இன்று வரை ஒரு மிடறு விழுங்கியதில்லை. வாயில் எடுத்துச் சுழற்றித் துப்புவதுதான் வேலை. ஆனாலும் கோயிலில் சிலர், "யோகா சாராயக் கொம்பனியில வேலையாம்" என்று கதைத்தார்கள். என் கணவர் ஒரு உணவகச் சமையலறையில் வேலை பார்த்தவர், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர். அவர் ஒருநாள் அவர்களிடமே சொன்னார்: "அவ குடிக்கிறேல்லை, துப்புறா. துப்புறதுக்குத்தான் சம்பளம்."

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு குளிர்காலம் முழுக்க, கண்டதையெல்லாம் மணந்து பார்த்தேன். லா சப்பல் கடைகளில் கறிவேப்பிலைப் பெட்டி உடைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். கடைக்காரத் தம்பி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "அக்கா, வாங்கப் போறியளோ, மணக்கப் போறியளோ?"

மதாம் கிளேரின் முறைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்தது எல்லாம் அவற்றில் ஒன்றை நான் மீறியதால் வந்தது.

மணம் பார்க்கும் அறையில் வெள்ளை மேசை, வெள்ளைக் கடதாசி. மணம் பார்ப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னிருந்தே கோப்பி கூடாது, வாசனைத் தைலம் கூடாது. முதல் வாரமே என்னிடம் சொன்னார்: "உங்கள் தலையில் இருப்பது நல்ல மணம். ஆனால் அது என் கிளாசுக்குள்ளும் வருகிறது." அன்றிலிருந்து வேலை நாட்களில் தேங்காய் எண்ணெய் வைப்பதை விட்டேன்.

ஒரு வைனைச் சோதிப்பதென்றால் மூன்று போத்தல், மூன்று வேறு பெட்டிகளிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு போத்தல் மட்டும் கெட்டிருந்தால் அது தக்கையின் பிழை. மூன்றும் கெட்டிருந்தால் வைனின் பிழை. பெட்டி இலக்கங்களைத் தாளில் எழுத வேண்டும். கிளாசில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, முதலில் ஆட்டாமல் மணக்க வேண்டும், பிறகு சுழற்றி மணக்க வேண்டும். எழுதியதும் தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லோரும் கவிழ்த்த பிறகுதான் ஒருவர் வாய் திறக்கலாம். அதுவரை மற்றவரின் முகத்தைக்கூடப் பார்க்கக்கூடாது.

'பூ' என்று எழுதினால் அவருக்குப் போதாது. எந்தப் பூ, இன்று பறித்ததா நேற்றுப் பறித்ததா என்று கேட்பார். எனக்குப் பிரெஞ்சுச் சொற்கள் வராமல் நான் தடுமாறியதைக் கண்டு, "உங்கள் மொழியிலேயே எழுதுங்கள். பிறகு எனக்குச் சொல்லுங்கள்" என்றார். அப்படித்தான் கொப்பிகள் தொடங்கின. தேசிக்காய்த் தோல். வெந்தயம் ஊறின தண்ணீர். முறித்த கொத்தமல்லித் தண்டு. உரசி அணைத்த நெருப்புக்குச்சி. நான் விளக்குவேன், அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சரியான பிரெஞ்சுச் சொல்லைத் தேடிப் பிடிப்பார். கிடைக்காவிட்டால் தாளில் அந்த இடத்தை வெறுமையாக விடுவார். தெரியாததை எழுதியதே இல்லை.

எங்கள் கொம்பனி இத்தாலி வைன்களில் பெயர் எடுத்தது. அதிலும் மதாம் கிளேருக்குப் பிடித்தவை ஆவோஸ்தாப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவை. இத்தாலியின் வடமேற்கு மூலையில், மொன் பிளான் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்னப் பிரதேசம். இத்தாலிதான், ஆனால் பிரெஞ்சும் பேசுவார்கள். பாரிசில் வைன் விற்பவர்களிலேயே பலருக்கு அங்கே திராட்சை விளைவது தெரியாது. பள்ளத்தாக்கின் கீழ்ப் பக்கம் பெத்தி ரூஜ் என்ற கறுப்புத் திராட்சை. அதன் வைனில் புளிப்புச் செரிப்பழமும் இடித்த மிளகும் மணக்கும். மேலே, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் தாண்டியும், ப்ரியே பிளான் என்ற வெள்ளைத் திராட்சை.

அந்த வெள்ளைக்கு ஒரு விசேஷம் உண்டு. நூறு வருடத்துக்கு மேலே முன்பு, வேரைத் தின்னும் ஒரு பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதற்குப் பிறகு அநேகமாக எல்லா இடத்திலும் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில்தான் ஒட்டு வைக்கிறார்கள். அந்த உயரத்துக்கு, அந்தக் குளிருக்குப் பூச்சி ஏறவில்லை. அங்கே கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன.

2012இல் அங்கிருந்து எமில் என்பவர் ஒரு பெட்டி மாதிரி அனுப்பினார். மனைவியும் அவரும் மட்டும் வேலை செய்கிற சிறு தோட்டம். நான் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது: "ஈரக் கருங்கல். பச்சை அப்பிள் தோல். காயவிட்ட புல்." மதாம் கிளேர் தன் தாளைத் திருப்பினார். கிட்டத்தட்ட அதே மூன்று. "இந்த வைன் சத்தம் போடவில்லை" என்று சொல்லி, அந்த வருடமே வாங்கத் தொடங்கினார்.

இரண்டு வருடம் நன்றாகப் போனது. பிறகு, 2014இல், விற்பனைப் பிரிவு வாடிக்கையாளர் அறையைப் புதுப்பித்தது. சுவர் முழுக்கக் கண்ணாடித் தட்டுகள், பின்னால் வெள்ளை ரியூப் வெளிச்சம். போத்தல்கள் உள்ளேயிருந்து ஒளிர்வது போலத் தெரியும். எமிலின் வைனுக்கு இளம் பச்சை கலந்த நிறம். அதை நிறமில்லாத போத்தலில் அடைத்தால் அந்தத் தட்டில் எப்படி இருக்கும் என்று விற்பனைக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். மதாம் கிளேர்தான் கடிதம் எழுதினார். எமில் தயங்கினார், அவருடைய தகப்பன் காலத்திலிருந்து கரும்பச்சைப் போத்தல்தான். பிறகு ஒத்துக்கொண்டார். ஆனி மாதம் அறுநூற்றுச் சொச்சம் போத்தல்கள் வந்தன. கூடவே, எங்கள் கொம்பனியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு போத்தல் அன்பளிப்பு. என்னுடையதைப் பத்திரிகைக் கடதாசியில் சுற்றி வீட்டு அலுமாரியில் உடுப்புகளுக்குப் பின்னால் வைத்தேன். யாருக்காவது கொடுக்கலாம் என்று நினைத்து, மறந்துவிட்டேன்.

ஓகஸ்டில் இரண்டு உணவகக்காரர் வந்து, வாடிக்கையாளர் அறையில் அந்த வைனை ருசித்துவிட்டு முகம் சுளித்துப் போனார்கள். மதாம் கிளேர் என்னிடம், "மூன்று போத்தல் கொண்டுவாருங்கள், பார்ப்போம்" என்றார்.

எமிலின் பெட்டிகள் களஞ்சியத்தில் மூன்றாவது அடுக்கில், கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. அவற்றை இறக்குகிற வண்டியை ஓட்டுபவர் விடுமுறையில் போயிருந்தார். ஓகஸ்டில் பாரிசில் யார்தான் இருக்கிறார்கள். நான் கொஞ்ச நேரம் கீழே நின்று மேலே பார்த்தேன். எல்லாம் ஒரே வைன், ஒரே நாளில் அடைத்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாடிக்கையாளர் அறைக்குப் போய்த் தட்டிலிருந்து மூன்று போத்தல்களை எடுத்தேன். தாளில் பெட்டி இலக்கம் எழுதும் இடம் வந்தது. களஞ்சியத்தில் கீழே நின்று வாசிக்கக்கூடியதாக இருந்த மூன்று இலக்கங்களை எழுதினேன். அந்தப் பெட்டிகளை நான் தொடவேயில்லை.

மணந்தோம். எழுதினோம். கவிழ்த்தோம். திருப்பினோம். அவர் எழுதியதும் கோவா, நான் எழுதியதும் கோவா. வெறும் கோவா இல்லை. மூடிய பானையில் அவித்து, அதே தண்ணீரில் ஒரு பகல் கிடந்த கோவா.

"மூன்று பெட்டியா?" என்று கேட்டார்.

"ஓம், மூன்று பெட்டி" என்றேன்.

அவர் கிளாசைத் தள்ளி வைத்தார். "அப்படியென்றால் இது அவருடைய கிடங்கில் நடந்த பிழை" என்றார். அந்தத் தாளில் இருவரும் கையெழுத்திட்டோம். பெட்டிகள் எல்லாம் மலைக்குத் திரும்பிப் போயின. எமிலிடமிருந்து நான்கு வரியில் ஒரு கடிதம் வந்தது. மதாம் கிளேர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். தான் பல போத்தல்களைத் திறந்து மணந்து பார்த்ததாகவும், தனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை என்றும், ஆனால் இரண்டு பேர் தனித்தனியாக ஒன்றையே சொல்லும்போது தன் மூக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். அதைக் கோப்பில் போட்டோம்.

2016 சித்திரையில், பிரான்சின் லுவார் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்த வேறொரு வெள்ளை வைனை வாடிக்கையாளர் அறையில் ஒருவருக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அதே கோவா. வேறு நாடு, வேறு திராட்சை, வேறு ஆள் செய்தது. பொதுவாக இருந்தவை இரண்டுதான்: நிறமில்லாத போத்தல், அந்தத் தட்டு.

வீட்டுக்கு வந்து அலுமாரியில் கையை விட்டு, பத்திரிகைச் சுற்றோடு அந்தப் போத்தலை வெளியே எடுத்தேன். கணவர் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, கடைசியில குடிக்கவே வெளிக்கிட்டிட்டீரோ?" என்றார்.

நான் தக்கையைக் கழற்றிக் கிளாசில் ஊற்றி மணந்தேன். ஈரக் கருங்கல். அப்பிள் தோல். காய்ந்த புல். கோவா இல்லை. மறுபடியும் மணந்தேன். இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மிச்ச வைனைக் கொண்டுபோய், மாதிரிக்குப் பாவிக்கும் நிறமில்லாத இரண்டு சின்னப் போத்தல்களில் விளிம்பு வரை நிரப்பினேன். ஒன்றைச் சமையலறை அலுமினியத் தாளால் சுற்றினேன். மற்றதை அப்படியே விட்டேன். இரண்டையும் ஒளிவிடும் தட்டில், யாரும் எடுக்காத ஒரு மூலையில் வைத்தேன். வியாழக்கிழமை எடுத்துப் பார்த்தேன். சுற்றி வைத்தது சுத்தமாக இருந்தது. சுற்றாததில் கோவா.

வெளிச்சம்தான். வெள்ளை வைனுக்கு வெளிச்சம் ஆகாது, நிறமில்லாத கண்ணாடி அதைத் தடுக்காது என்பது தொழிலில் புதிய விஷயமும் இல்லை. புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே அது நடக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பெட்டிக்குள் இருட்டில் இருந்த அறுநூறு போத்தல்களும் நல்லவை. மூன்றாவது அடுக்கிலிருந்து ஒரே ஒரு போத்தலை நான் இறக்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேனே தவிரச் சாப்பிடவில்லை. கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அப்போது முழங்கால் வருத்தம். வேலை பாதி நேரம்தான். என்னுடைய நிரந்தர வேலையை நம்பித்தான் வீடு ஓடியது.

"சொல்லாட்டி என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"ஒண்டும் நடக்காது. ஆருக்கும் தெரியவும் வராது."

"அப்ப ஏன் சாப்பிடாமல் இருக்கிறீர்?"

அவர் என் தட்டை எடுத்து மூடி வைத்தார். "நாளைக்குச் சொல்லிப்போட்டு வந்து சாப்பிடும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு சின்னப் போத்தல்களிலிருந்தும் இரண்டு கிளாசில் ஊற்றி மதாம் கிளேரின் முன்னால் வைத்தேன். எது எது என்று சொல்லவில்லை. அவர் மணந்தார், எழுதினார், தாளைக் கவிழ்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். தட்டு, வெளிச்சம், அலுமாரியில் இருந்த போத்தல், அலுமினியத் தாள். நான் முடித்ததும் கேட்டார்:

"அந்த மூன்று பெட்டி?"

"பெட்டி இல்லை. மூன்றும் தட்டில் இருந்தவை. இலக்கங்களை நானாக எழுதினேன்."

அவர் எழுந்துபோய்க் கோப்பை எடுத்து வந்தார். இருபது மாதத்துக்கு முந்தைய தாளை மேசையில் வைத்து மூன்று இலக்கங்களையும் வாசித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அது ஓகஸ்ட்" என்றார். "வண்டி ஓட்டுபவர் விடுமுறையில் இருந்தார். எனக்குத் தெரியும். மூன்றாவது அடுக்கிலிருந்து நீங்கள் எப்படி இறக்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. நிறமில்லாத போத்தல் கேட்டதும் நான்."

அன்றே தட்டுகளின் வெளிச்சத்தை அணைக்கச் சொன்னார். எமிலுக்குக் கடிதம் எழுதி, கையெழுத்துக்காகக் கொம்பனி இயக்குநரிடம் கொண்டுபோனார். இயக்குநர் மறுத்துவிட்டார். பழைய விஷயம், எழுத்தில் ஒன்றும் போகக்கூடாது என்றார். மதாம் கிளேர் திரும்பி வந்து அந்தப் பழைய தாளை ஒரு உறையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"கடிதத்துக்குத்தான் இயக்குநரின் கையெழுத்து வேண்டும். நீங்கள் நேரில் போய்ச் சொல்வதற்கு வேண்டாம். மூன்று நாள் விடுமுறை எழுதித் தாருங்கள்."

வைகாசி கடைசியில் போனேன். ரயிலில் மலையடிவாரம் வரை, பிறகு பஸ், மொன் பிளானுக்கு அடியில் பதினொரு கிலோமீற்றருக்கு மேல் நீண்ட சுரங்கம். வெளியே வந்ததும் இத்தாலி. உச்சிகளில் பனி அப்படியே இருந்தது. கீழே பச்சை.

எமிலின் தோட்டத்தை விசாரித்து ஏறிப்போனபோது முதலில் ஒரு தொப்பி மட்டும்தான் தெரிந்தது. அங்கே கொடிப் பந்தல் இடுப்பளவுகூட இல்லை. கல்தூணும் மரச்சட்டமும் வைத்துத் தாழ்வாகக் கட்டியிருக்கிறார்கள். பகலில் மண் வாங்கிய சூடு இரவில் கொடிக்குக் கிடைக்க வேண்டும், காற்றும் பனியும் பந்தலை முறிக்கக் கூடாது என்பதற்காக. வேலை செய்கிறவர் குந்தியிருந்து, அல்லது முழங்காலில் நகர்ந்துதான் செய்ய வேண்டும். தொப்பிக்குரியவர் எமிலின் மனைவி லீனா. அறுபத்தைந்து வயது இருக்கும். நான் கொம்பனியின் பெயரைச் சொன்னதும் பந்தலுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே, "பாரிசிலிருந்தா?" என்று கேட்டார். முகம் மாறியது. ஆனாலும் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

எமில் சமையலறையில் இருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். நான் நின்றுகொண்டே சொன்னேன். வழியில் பலமுறை ஒத்திகை பார்த்த பிரெஞ்சு வசனங்கள் பாதியில் மறந்துபோயின. தாளை எடுத்து மேசையில் வைத்து, இலக்கங்களில் விரலை வைத்தேன். "இந்த மூன்றையும் நான் பொய்யாக எழுதினேன். சோதனைக்கு உங்கள் பெட்டிகளை நாங்கள் திறக்கவேயில்லை. உங்கள் வைனில் ஒரு பிழையும் இல்லை" என்றேன்.

அவர் தாளை முழுதும் வாசித்தார். மடித்து மேசையில் வைத்தார். எழுந்து வெளியே போனார். கதவைச் சாத்தவும் இல்லை.

லீனா அடுப்பைப் பார்த்தபடி பேசினார்.

"உங்கள் கடிதம் வந்த கிழமை ஐம்பது போத்தல் திறந்தார். ஒவ்வொன்றையும் மணந்தார். ஒன்றும் தெரியவில்லை, லீனா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பார். பிறகு ஆவோஸ்தாவில் வைத்தியரிடம் போனார். வயதுக்கு இது சகஜம் என்று வைத்தியர் சொன்னார். வேறு என்ன சொல்வார்? அன்றிலிருந்து என்னைத்தான் மணக்கச் சொல்கிறார். பீப்பாவை, கிளாசை, பாலை, சூப்பை. எனக்கு வைன் பிடிக்காது. மணமே பிடிக்காது. அந்த வருடம் புதிதாகச் செய்த வைனை நான்தான் மணந்து மணந்து முடித்தேன். அதைத் தன் பெயரில் அடைக்க மனமில்லாமல் மொத்தமாக விற்றுவிட்டார். போன வருடம் வைனே செய்யவில்லை. பழத்தை அப்படியே கொடுத்துவிட்டார்."

நான் போகும்போது, நட்டப்பட்ட ஒரு வியாபாரத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். மூக்கால் பிழைக்கிற ஒருவரிடமிருந்து மூக்கைப் பறித்துவிட்டேன் என்பது அந்தச் சமையலறையில்தான் விளங்கியது. அவர் பிழையே இல்லாததைப் பிழை இல்லை என்று சரியாக மணந்திருக்கிறார். ஐம்பது தரம் சரியாக மணந்திருக்கிறார். ஒவ்வொரு தரமும் அது தன் மூக்கு செத்ததற்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கீழேயிருந்து எமில், "லீனா" என்று கூப்பிட்டார். இருவரும் கிடங்குக்கு இறங்கினோம். சுவரோரம் எங்கள் கொம்பனியின் ஒட்டுநாடாவோடு அவருடைய பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவர் அவற்றைக் கொட்டவில்லை. நடுவில் ஒரு பெட்டியைக் கிழித்து ஒரு போத்தலை எடுத்துத் திறந்து கிளாசில் ஊற்றினார்.

லீனா வழக்கம்போலக் கையை நீட்டினார். எமில் கிளாசைக் கொடுக்கவில்லை. தன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடி, ஆட்டாமல் மணந்தார். பிறகு சுழற்றி மணந்தார். லீனாவின் கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

"புல்" என்றார். "ஓகஸ்டில் இரண்டாம் தரம் வெட்டுகிற புல். கல். அப்பிள் கொஞ்சம் சுருங்கிவிட்டது, வயதாகிவிட்டது. ஆனால் சுத்தம்."

கிளாசை மேசையில் வைத்தார். நான் எடுத்து மணந்து, "ஓம், சுத்தம்தான்" என்றேன்.

"உங்களைக் கேட்கவில்லை" என்றார்.

நான் கிளாசை வைத்துவிட்டேன். லீனா படியில் குந்தியிருந்து மேலங்கியால் முகத்தைத் துடைத்தார். எமில் அவர் பக்கம் திரும்பி, வேறு குரலில், "நீ மேலே போ, லீனா. இனி இதற்குள் நீ மூக்கை வைக்கத் தேவையில்லை" என்றார். லீனா உடனே எழும்பவில்லை. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அந்த இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நான் வெளிக்கிட்டபோது லீனா பாணும் பாற்கட்டியும் சுற்றித் தந்தார். எமில் வாசலில் நின்றார். கை கொடுக்கவில்லை. "வந்து சொன்னது சரி" என்றார். "ஆனால் உங்கள் கொம்பனிக்கு இனி ஒரு போத்தலும் தரமாட்டேன். உங்கள் மதாமிடம் சொல்லுங்கள். அவர் எப்போது கேட்டாலும் இதே பதில்தான்."

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மதாம் கிளேர் எனக்கான எச்சரிக்கைக் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார். பொய்யான பெட்டி இலக்கங்கள் எழுதியதற்கு. வேலை போகவில்லை, ஆனால் அந்தக் கடிதம் என் கோப்பில் கடைசி வரை இருந்தது, இருக்க வேண்டியதுதான். வாசித்துக் கையெழுத்திட்டேன். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, "என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"எங்களுக்கு இனி ஒரு போத்தலும் தரமாட்டாராம். நீங்கள் எப்போது கேட்டாலும் இதே பதில்தானாம்."

"வைனை மணந்தாரா?"

"மணந்தார். நான் சுத்தம் என்று சொன்னதற்கு, உங்களைக் கேட்கவில்லை என்றார்."

மதாம் கிளேர் சிரித்ததை அன்றுதான் முதல் தடவையாகக் கண்டேன்.

"நல்லது" என்றார். "மூக்கு திரும்பி வந்துவிட்டது."